பாண்டீஸ்வரியின் முறை

அத்தியாயம் – 14

ஒரு வார்த்தை பேசக் கூடாது. கையசைக்கக் கூடாது. முகத்தைக்கூடச் சுளிக்கக் கூடாது.

பிறந்ததிலிருந்து வாயை மூடியறியாத கீர்த்திக்குக் கோயம்புத்தூர் கம்பெனி போட்டிருந்த நிபந்தனை இது. போயும் போயும் அவளிடமா!

கீர்த்தி இரண்டு வருடமாக எழுதித் திருத்தி, திருத்தி எழுதிய 'கண்மாய்க் காவல்' கதை உங்களுக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு வேடம் எடுத்துக்கொண்டு, தன் வேடம் என்ன செய்கிறது என்று வாயால் சொல்லி, பலிக்குமா பலிக்காதா என்று பகடை உருட்டிப் பார்க்கிற விளையாட்டுக்காக அவள் எழுதிய சாகசம் அது. இதுவரை இந்த மாதிரி விளையாட்டைக் கண்ணால்கூடப் பார்த்திராதவர்கள், முதன்முதலாக உட்கார்ந்து ஆடுவதற்கு என்றே எழுதியது. கம்பெனிக்குப் பிடித்துவிட்டால், புதியவர்களுக்கு அவர்கள் விற்கப்போகிற விளையாட்டுப் பெட்டியில் கீர்த்தியின் பெயரோடு வரும்.

பிடிக்க வேண்டுமானால் ஒரு பரீட்சை. ஒன்றும் தெரியாத நான்கு பேர் புத்தகத்தை மட்டும் நம்பி முழுதாக ஆடிக்காட்ட வேண்டும். எழுதியவள் அதே அறையில் இருக்கலாம். ஆனால் ஆட்டம் முடியும்வரை ஆடுகிறவர்களிடம் வாய் திறந்தால் பரீட்சை செல்லாது. நியாயம்தான். பெட்டியை வாங்குகிறவர் வீட்டுக்கெல்லாம் கீர்த்தி போய் உட்கார்ந்து விளக்க முடியுமா?

ஆட வருவதாகச் சொன்ன கல்லூரிப் பிள்ளைகள் போன வாரம் செமஸ்டர் பரீட்சைத் தேதி மாறிவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் வீட்டு ஆட்களே ஆடுவது என்று முடிவானது. அப்பா சேவுகப்பெருமாள், அம்மா பொன்னழகு, அண்ணன் மருதுபாண்டி, அவன் மனைவி பாண்டீஸ்வரி. ஆட்டத்தை நடத்துகிற பொறுப்பு கீர்த்தியின் தோழி அர்ஷியாவுக்கு.

அந்தச் சனிக்கிழமை காரைக்குடி வீட்டுக் கூடத்தில் கேமராவை ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தார் கம்பெனிக்காரர் ஏகப்பன். கண்டரமாணிக்கத்துக்காரர். பிழைப்புக்குக் கோயம்புத்தூர் போனவர்.

மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. விருந்தாளியும் ஆம்பிளைகளும் முதலில். அப்புறம் பொன்னழகு. கடைசியாக, அடுப்படியில், தனியாகப் பாண்டீஸ்வரி. வடை தீர்ந்துபோயிருந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அந்த வீட்டில் கடைசி ஆளுக்கு வடை தீர்ந்துபோவது ஒரு செய்தியே அல்ல.

"போனை எல்லாம் இந்தக் கூடையில போட்டுருங்க" என்றார் ஏகப்பன். எல்லோரும் போட்டார்கள். பாண்டீஸ்வரி மட்டும் ஒரு கணம் தயங்கினாள்.

தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. மானகிரிப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வருகிறாளா இல்லையா என்று இன்று சொல்லிவிட வேண்டும். புருஷனிடம் காலையில் கேட்டாள். "வெளையாட்டு முடியட்டும், பேசிக்கலாம்" என்றான் மருதுபாண்டி. எம்.எஸ்ஸி. படித்து முடித்து, கல்யாணமாகி, நான்கு வருடமாக இந்த வீட்டுக்கு டீ போட்டுக்கொண்டிருக்கிறவள், இன்னும் ஒரு மதியம் பொறுத்துக்கொள்ள மாட்டாளா என்ன!

கூடையில் அவள் போனும் விழுந்தது.

கூடத்து ஆத்தங்குடி டைல்ஸ்தான் ஆடுகளம். ஒரு கட்டத்துக்கு ஓர் ஆள். நீளமாகப் போகிற கறுப்புக் கட்டங்கள் கண்மாய்க் கரை. அந்தக் கோடியில் மடை. கொள்ளைக்காரர்களுக்குப் புளியங்கொட்டை, ஆடுகிறவர்களுக்குச் சதுரங்கக் காய்கள். கண்மாய்த் தண்ணீருக்கு நீலச் சட்டைப் பொத்தான்கள்.

அர்ஷியா புத்தகத்தைப் பார்த்து வாசித்தாள். "கொள்ளைக்காரங்க மடையத் தொறந்துட்டாங்க. எல்லாரும் ஒரு சுத்து ஆடி முடிச்சா ஒரு பொத்தான எடுத்துருவேன். கடைசிப் பொத்தான் போச்சுன்னா ஊருக்குத் தண்ணி இல்ல. மடைப் பலகைய எறக்கிட்டு, அதுக்கப்புறம் ஒரு சுத்து தாக்குப்பிடிச்சா நீங்க ஜெயிச்சீங்க. நாலு வேசம் இருக்கு. வேல்வீரன், வில்லாளி, காவலன், மருத்துவச்சி. யாருக்கு எது?"

"எனக்கு வில்" என்றாள் பாண்டீஸ்வரி சட்டென்று.

"அத மருது எடுத்துக்கிறட்டும்த்தா" என்றாள் பொன்னழகு. "நீ மருந்து குடுக்கிறத எடு. ஒனக்கு அதான் தோதா இருக்கும்."

வில் மருதுபாண்டிக்குப் போனது. வேல் சேவுகப்பெருமாளுக்கு. அதை யாரும் கேட்கவே இல்லை, வேல் தானாகவே அவர் பக்கம் நகர்ந்தது. பொன்னழகு காவலன். மருந்துப் பெட்டி மருமகளுக்கு.

மூலையில் நாற்காலியில் இருந்த கீர்த்தி பேனா மூடியைக் கடித்தாள்.

யார் முதலில் ஆடுவது என்று இருபது முகப் பகடையை உருட்டினார்கள். அதிகம் விழுகிறவர் முதலில். சேவுகப்பெருமாளுக்கு நாலு. மற்ற இருவருக்கும் சுமார். பாண்டீஸ்வரிக்குப் பத்தொன்பது!

அவள் முகம் மலர்ந்ததைக் கீர்த்தி பார்த்தாள். கல்யாண ஆல்பத்தில்கூட அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

"அப்ப நான்தான் மொதல்ல. நேரா மடைக்குப் போயிட்டா, அவுக கரைக்கு வர்றதுக்குள்ள பலகைய எறக்கிரலாம்ல? கரை ஒத்தை ஆளு அகலந்தான இருக்கு, அத்தை பின்னால நின்னு மறிச்சுக்கிட்டா…"

சரியான திட்டம். அந்தச் சாகசத்தில் ஒளித்துவைத்திருந்த பாடமே அதுதான். சண்டையில் எத்தனை பேரை வெட்டினோம் என்பதல்ல, எதற்காக வந்தோம் என்பதை மறக்காமல் இருப்பது. நாலு சுற்று தடுமாறிய பிறகு கண்டுபிடிப்பார்கள் என்று கீர்த்தி நினைத்ததை அண்ணன் பெண்டாட்டி முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். எழுந்து கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

"அதெப்படி?" என்றார் சேவுகப்பெருமாள். கோபமாகக்கூட இல்லை, நிஜமான ஆச்சரியத்தோடு. "நான் இருக்கையில?"

"அதானே" என்றாள் பொன்னழகு. "மாமா மொதல்ல போகட்டும். நீ மாத்திக்கத்தா. ஏம்மா அர்ஷியா, மாத்தலாம்ல?"

அர்ஷியா பக்கத்தைப் புரட்டினாள். "மாத்தலாம்மா. போட்டிருக்கு. 'விரும்பினால் ஒருவர் தம் முறையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம்.'"

கீர்த்திக்குச் சுருக்கென்றது. அவளே எழுதிய வரி. கூட ஆடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவட்டும் என்று நல்லெண்ணத்தில் எழுதிய வரி! விட்டுக்கொடுப்பது எப்போதும் ஒரே ஆளாகவே இருந்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இதே வீட்டில் வளர்ந்துவிட்டு, அது எப்படித் தோன்றாமல் போனது?

கோயிலில் முதல் மரியாதை வாங்குகிற மாதிரி சேவுகப்பெருமாள் முதல் முறையை வாங்கிக்கொண்டார். அடுத்து மருது, அடுத்து பொன்னழகு. சாப்பாட்டு வரிசை அப்படியே ஆட்ட வரிசையாகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்லச் சண்டைக்கே வெட்கமாக இருக்கும்.

சேவுகப்பெருமாள் கரையை விட்டு இறங்கி நேராகப் புளியங்கொட்டைகளுக்கு நடுவே போய் நின்றார். பின்னால் நிற்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். நாலு பக்கமும் வளைத்துக்கொண்டார்கள்.

"ஏய் பாண்டி, அப்பாவுக்கு மருந்து போடு" என்றான் மருதுபாண்டி.

அவள் போட்டாள். அடுத்த சுற்றிலும் போட்டாள். அதற்கடுத்து மருதுபாண்டிக்குக் காயம், அவனுக்கும் போட்டாள். ஒவ்வொரு சுற்றிலும் அவள் முறை வருவதற்குள் அவள் என்ன செய்ய வேண்டும் என்பதை மற்ற மூவரும் முடிவு செய்து வைத்திருந்தார்கள். அவள் வேலை பகடையை உருட்டுவது மட்டும். நீலப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மடையின் ஞாபகம் ஒருவருக்கும் இல்லை.

"மடை…" என்றாள் அவள் ஒருமுறை.

"அத அப்புறம் பாப்போம். இங்குட்டு வா மொதல்ல" என்றார் மாமனார்.

இங்குட்டுப் போனாள். அம்பு பட்டு விழுந்தாள். அர்ஷியா அவளுடைய காயைப் படுக்கவைத்தாள்.

"பாண்டீஸ்வரி அக்கா விழுந்துட்டாங்க. பக்கத்துல இருக்கவங்க ஒரு முறை செலவழிச்சாத் தூக்கிவிடலாம். பக்கத்துல இருக்கது மருது அண்ணன்தான்."

மருதுபாண்டி குனிந்து களத்தைப் பார்த்தான். கொள்ளைக்காரத் தலைவன் எட்டும் தூரத்தில் இருந்தான்.

"கெடக்கட்டும், அது தன்னால எந்திரிச்சுக்கிரும். நான் தலைவன அடிக்கிறேன்."

பகடை உருண்டது. குறி தப்பியது.

கீர்த்திக்கு உடம்பு பற்றி எரிந்தது. அது! 'அது' தன்னால் எழுந்துகொள்ளுமாம்! ஒரு வார்த்தை சொல்லலாம், ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் இரண்டு வருட உழைப்பு அந்த நிமிடமே குப்பைக்குப் போகும். ஏகப்பன் அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீ குடிச்சுட்டு ஆடுவமா?" என்றார் சேவுகப்பெருமாள் களைப்போடு.

யார் எழுந்தது என்று சொல்லவும் வேண்டுமா? களத்தில் விழுந்து கிடக்கிறவள்தான் எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட்டாள்.

அவள் அடுப்படியில் இருந்த அந்த நேரத்தில்தான், மருதுபாண்டி அப்பாவிடம் குரலைத் தாழ்த்திப் பேசினான். தங்கச்சி மூலையில் இருப்பதை மறந்துவிட்டானோ, பேச முடியாதவள்தானே என்று நினைத்தானோ.

"மானகிரிக்குக் காலையிலயே போன் போட்டுட்டேம்ப்பா. அவ வரலன்னு சொல்லியாச்சு."

சேவுகப்பெருமாள் நிமிர்ந்தார். "அவகிட்டச் சொன்னியா?"

"ராத்திரி சொல்லிக்கிறேன். சாயந்தரம் நாலு மணிக்கு மேல அடுத்த ஆளுக்குச் சொல்லிருவோம்னாக. அதுக்கப்புறம் சொன்னா அவளும் என்ன பண்ணப் போறா? ரெண்டு நாளைக்கு மொகத்தத் தூக்கி வச்சிருப்பா. அம்புட்டுத்தான்."

தப்பு என்று சேவுகப்பெருமாளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் டீக்காகக் காத்திருந்தார்.

கீர்த்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை தாண்டிவிட்டது. ஆட்டம் முடிவதற்குள் எப்படியும் நான்கைத் தாண்டிவிடும். பேசாமல் இருந்தால் பெட்டியில் பெயர் வரலாம். முடிந்த பிறகு மதினியிடம் சொல்லலாம். சொல்லி என்ன பயன்? நான்கு மணிக்கே அந்த வேலை வேறு யாருக்கோ போயிருக்கும்.

பாண்டீஸ்வரி தட்டோடு வந்தாள். கீர்த்தியிடமும் ஒரு டம்ளரை நீட்டினாள். "சூடா இருக்கு, பாத்து" என்றாள். கீர்த்தி தலையைக் குனிந்துகொண்டாள். டீயைக் குடிக்காமல் தரையில் வைத்தாள்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. பொத்தான் இரண்டுதான் மிச்சம். ஒருவரும் தூக்கிவிடாத பாண்டீஸ்வரியின் முறை வந்தது.

"விழுந்து கிடக்கிறவங்க பத்துக்கு மேல போட்டாத் தானா எந்திரிச்சு ஆடலாம், அக்கா."

உருட்டினாள். பதினாறு. காயை அவளே நிமிர்த்தி வைத்தாள்.

"அப்பாடா" என்றான் மருதுபாண்டி. "சீக்கிரம் அப்பாவுக்கு மருந்து போடு."

"மருந்து வேணாம்டா, நான் இன்னொருக்கா அடிச்சா அந்தத் தலைவன் காலி" என்றார் சேவுகப்பெருமாள். "பாண்டி, ஒம் முறைய எனக்கு விட்டுக்குடு."

பாண்டீஸ்வரி அவர்களைப் பார்க்கவில்லை. அர்ஷியாவைப் பார்த்தாள்.

"அர்ஷியா, அந்த விதிய இன்னொருக்கா வாசிங்களேன்."

"'விரும்பினால் ஒருவர் தம் முறையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம்.'"

"யாரு விரும்பினா? வாங்கிக்கிறவுகளா, குடுக்கிறவளா?"

"குடுக்கிறவங்கதான், அக்கா."

"அப்ப மொதல்லயே என் பத்தொன்பதை மாத்துனீகளே, என்னைய யாராச்சும் கேட்டீகளா?"

குரல் உயரவில்லை.

பொன்னழகுதான் முதலில் பேசினாள். "ஏத்தா, இந்த வீட்டுல என்னைய மட்டும் யாரு கேட்டா?" மருமகள் மேல் கோபமா, வேறு யார் மேலுமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. சொல்லிவிட்டுப் புடைவைத் தலைப்பால் டீ டம்ளரின் வெளிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நான் யாருக்கும் விட்டுக்குடுக்கல" என்றாள் பாண்டீஸ்வரி. "மருந்தும் போடல. மடைக்குப் போறேன்."

கறுப்புக் கட்டங்களில் காயை நகர்த்தினாள். கொள்ளைக்காரர் எல்லோரும் சேவுகப்பெருமாளைச் சுற்றி நின்றதால் கரை காலியாகத்தான் கிடந்தது. எப்போதோ போயிருக்கலாம். மடைக்குப் பக்கத்தில் காயை வைத்துப் பகடையை உருட்டினாள். பலகை இறங்கியது.

"தண்ணி நின்னுருச்சு!" அர்ஷியா கையைத் தட்டிவிட்டாள். "இன்னும் ஒரே ஒரு சுத்துத் தாக்குப்பிடிச்சா ஜெயிச்சாச்சு!"

ஏகப்பன் வேகமாக எதையோ எழுதினார். கீர்த்தியைப் பார்த்து லேசாகத் தலையைக்கூட அசைத்தார். பெட்டி இனி அவள் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் இன்னொரு சுற்று முடிவதற்குள் மணி நான்கைத் தாண்டிவிடும்.

மருதுபாண்டி உதட்டைப் பிதுக்கிச் சிரித்தான். "சரி சரி. வெளையாட்டுல வேணா ஒன் இஷ்டத்துக்குப் போயிக்க."

அந்தச் சிரிப்பு. அதைத்தான் கீர்த்தியால் தாங்க முடியவில்லை.

நாற்காலி பின்னால் சரிந்து விழ, எழுந்து நின்றாள்.

"மதினி!"

ஏகப்பனின் பேனா நின்றது. அர்ஷியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கீர்த்தி, வேணாம்டி, இன்னும் ஒரே ஒரு சுத்து…"

"மதினி, அண்ணன் காலையிலயே மானகிரிக்குப் போன் போட்டு, நீங்க வேலைக்கு வரலன்னு சொல்லிருச்சு. நாலு மணிக்கு அடுத்த ஆளுக்குச் சொல்லப் போறாக. ஒங்க போன் அந்தக் கூடையில இருக்கு. எடுங்க."

பாண்டீஸ்வரி புருஷனைப் பார்த்தாள்.

"நெசமாவா?"

"ஒன் நல்லதுக்குத்தான்… வீட்டுல அம்மாவுக்கு ஒத்தாசைக்கு யாரு இருக்கா? ராத்திரி சொல்லலாம்னு…" பாதியில் நிறுத்தித் தங்கச்சி மேல் பாய்ந்தான். "ஏய் கூறுகெட்டவளே! இப்ப ஒன் ஆட்டம் போச்சுல்ல? ரெண்டு வருசம் எழுதுனது போச்சுல்ல?"

"போச்சு. போனாப் போகுது. என் முறைய நான் விரும்பித்தான் விட்டுக்குடுத்தேன். எங்கிட்ட இருந்து யாரும் புடுங்கல. அந்த வித்தியாசம் ஒனக்குப் புரியாதுண்ணே."

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு ஏகப்பனைப் பார்த்தாள்.

"பேசிட்டீங்கம்மா" என்றார் அவர் மெதுவாக.

"ஆமா சார்."

"அப்ப இது செல்லாது."

"தெரியும் சார்."

ஆனால் மனிதர் கேமராவைக் கழற்றவில்லை. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கீழே குனிந்து மிச்சமிருந்த இரண்டு நீலப் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பாண்டீஸ்வரி கூடையிலிருந்து போனை எடுத்தாள். கடிகாரத்தில் நான்கு அடிக்க இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

சேவுகப்பெருமாள் எழுந்து வந்தார். அவருக்கு நிஜமாகவே மனசு உறுத்தியிருக்க வேண்டும். கையை நீட்டினார்.

"போனைக் குடு ஆத்தா. மொதல்ல நான் பேசுறேன் அவுககிட்ட. பெரியவுக சொன்னா கேப்பாக."

அந்தக் கையைப் பாண்டீஸ்வரி பார்த்தாள். உதவி செய்ய நீண்ட கைதான். ஆனால் அதுவும் முதலில்தான் நீண்டது.

"நீங்க உக்காருங்க மாமா. நான் பேசிக்கிறேன்."

எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார்களோ என்று கீர்த்தி பயந்த நேரத்தில் மறுமுனையில் ஒரு பெண் குரல் கேட்டது.

"வணக்கம் மேடம். நான் பாண்டீஸ்வரி பேசுறேன்" என்றாள். புருஷன் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னாள்.

"காலையில ஒங்ககிட்ட வரலன்னு சொன்னது நான் இல்ல."